கரைசல் தெரியும், சொல்யூஷன் தெரியாது

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழியில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தேன். முதல் செமஸ்டர் ஆய்வகத்தில் டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனை. குடுவையில் நிறமில்லாமல் இருந்த கரைசல் ஒரே சொட்டில் இளஞ்சிவப்பானது. எந்த இண்டிகேட்டர் (நிறங்காட்டி) போட்டாய் என்று ஆசிரியர் கேட்டார். அமிலத்தில் அதற்கு நிறமில்லை, காரத்தில் இளஞ்சிவப்பு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெயர்தான் வாயில் வரவில்லை. பாட்டிலைக் காட்டினேன். "படித்துவிட்டு வா" என்றார். படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அதுதான் அன்று முழுக்க வலித்தது.

அன்று மாலை அந்தப் பெயரைத் தாளில் எழுதித் துண்டு துண்டாகப் பிரித்தேன். ஃபீனால்ஃப்தலீன். ஃபீனால் பழகிய பொருள். நடுவில் வரும் 'ஃப்தல்'தான் நாக்கைத் தடுக்கிறது. நாஃப்தலீன் என்ற சொல்லிலிருந்து முதலெழுத்தை வெட்டிவிட்டு எடுத்த துண்டு அது என்று அகராதியில் இருந்தது. நாஃப்தலீன் எங்கள் வீட்டு பீரோவில் கிடக்கும் அந்துருண்டை. அதன் பிறகு அந்தப் பெயர் எனக்கு மறக்கவில்லை.

ஆனால் தொடக்கத்தில் ஒரு தவறு செய்தேன். பொது ஆங்கிலம்-தமிழ் அகராதியை வைத்து மனப்பாடம் செய்தேன். சொல்யூஷன் என்றால் தீர்வு, பேஸ் என்றால் அடித்தளம், ரிடக்‌ஷன் என்றால் குறைத்தல். வகுப்பில் எதுவும் பொருந்தவில்லை. ரிடக்‌ஷன் வேதியியலில் ஒடுக்கம், அதாவது எலக்ட்ரானை ஏற்பது. ஏற்றால் கூடத்தானே வேண்டும், குறைத்தல் எங்கிருந்து வந்தது? தாதுவை உருக்கி உலோகமாக்கும்போது எடை குறையும், அந்தக் காலத்துப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. இது தெரியும் வரை இரண்டு வாரம் வீணானது.

அப்புறம்தான் சரியான வழி கிடைத்தது. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் இரண்டு வழியிலும் ஒரே பாடம்தான், படங்களும் அதே படங்கள்தான். ஆங்கிலவழிப் புத்தகத்தை இறக்கிக்கொண்டு, என் பழைய தமிழ்ப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பத்தி பத்தியாகப் படித்தேன். சொல்லைத் தனியாக எழுதவில்லை, குடும்பமாக எழுதினேன். கரைபொருள், கரைப்பான், கரைசல், கரைதிறன். எதிர்ப்பக்கத்தில் சொல்யூட், சால்வென்ட், சொல்யூஷன், சால்யுபிலிட்டி. இரண்டு பக்கமும் ஒரே வேரிலிருந்து கிளைப்பதைப் பார்த்தபோது, அறிவியலை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை என்ற தைரியம் வந்தது. பொருள் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. தமிழ்ச் சொல் பல இடங்களில் கூடுதலாகவே சொல்கிறது. வெலாசிட்டி என்ற சொல்லுக்குள் திசை இல்லை, திசைவேகத்துக்குள் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைப் பிரித்தாலும் சில நேரம் அப்படி ஒரு பொருள் வெளியே வரும். ஈக்விலிப்ரியத்தில் 'ஈக்வி' சமம், 'லிப்ரா' தராசு. துலாம் ராசிக்கு ஆங்கிலத்தில் லிப்ரா என்றுதானே சொல்கிறார்கள். பிறகு சமநிலையை எப்படி மறப்பது?

உச்சரிப்புதான் அதிக நாள் எடுத்தது. முதலில் ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தேன். 'பேஸ்' என்று எழுதினால் அது காரத்தின் பேஸா, நடையின் வேகத்தைச் சொல்லும் பேஸா என்று மறுநாள் எனக்கே தெரியவில்லை. அதனால் மென்மையாக ஒலிக்கும் எழுத்துக்குக் கீழே கோடு போட ஆரம்பித்தேன். பெரிய சிக்கல் அழுத்தம். நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை கரைந்துபோகும். மாலிக்யூலில் முதல் அசை ஓங்கும். மலெக்யுலர் என்று ஆகும்போது அழுத்தம் இரண்டாவது அசைக்குத் தாவிவிடும். இரண்டும் ஒரே சொல்லின் வடிவங்கள் என்று பல வாரம் எனக்குத் தெரியாது. இன்னொன்று நியூக்ளியை. ஆசிரியர் சொல்லும்போதெல்லாம் நியூக்ளியஸுக்கு இரண்டாம் வேற்றுமை 'ஐ' சேர்த்து ஏதோ சொல்கிறார் என்று என் காது எடுத்துக்கொண்டது. அது பன்மை. பாக்டீரியம் பாக்டீரியா ஆவதும், அனாலிசிஸ் அனாலிசீஸ் ஆவதும் அதே வகை என்று தெரிந்த பிறகு புத்தகம் வாசிப்பதே வேகமானது.

தினம் ஐந்து சொல், அவ்வளவுதான். அகராதித் தளத்தில் ஒலியைக் கேட்பேன், கைப்பேசியில் என் குரலைப் பதிவு செய்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பேன். வெறும் சொல்லாகச் சொல்லிப் பழகுவதைவிட, ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அறைத்தோழனுக்கு விளக்கியதுதான் நாக்கைப் பழக்கியது. அவன் வரலாற்று மாணவன். புரியவில்லை என்றால் விடமாட்டான்.

இரண்டாம் செமஸ்டர் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா மோலாரிட்டிக்கும் மோலாலிட்டிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். ரகரமும் லகரமும் மாறாமல் இரண்டு சொல்லையும் நிதானமாகச் சொன்னேன். முன்னது ஒரு லிட்டர் சொல்யூஷனில் எத்தனை மோல் சொல்யூட், பின்னது ஒரு கிலோகிராம் சால்வென்ட்டுக்கு எத்தனை மோல் என்றேன். மனதுக்குள் கரைசல், கரைப்பான் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.