புழுக்களை விண்வெளிக்கு அனுப்பிய மூன்று வருடம்

ஏவுவதற்கு முப்பது மணி நேரம் இருந்தது. ஃபுளோரிடாவில், கென்னடி விண்வெளி மையத்தின் ஆய்வகத்தில், உள்ளங்கை அகல பிளாஸ்டிக் பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காற்றுக் குமிழி தேடிக்கொண்டிருந்தேன். பைக்குள் கலங்கிய மோர் மாதிரி ஒரு திரவம். அதில் ஆயிரக்கணக்கான புழுக் குஞ்சுகள்.

தரையில் குமிழி மேலே ஏறி ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். எடையின்மையில் அது எங்கும் ஏறாது. நட்ட நடுவிலேயே நிற்கும், புழுக்கள் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பையையும் சுண்டி, சாய்த்து, ஊசியால் குமிழியை உறிஞ்சி எடுத்தோம். 32 பைகள், இரவு முழுக்க.

புழுவின் பெயர் சி. எலிகன்ஸ். முழு வளர்ச்சியில் ஒரு மில்லிமீட்டர். கண்ணாடி போல உடல், உள்ளே தசை அசைவது நுண்ணோக்கியில் தெரியும். உடலில் 959 செல்கள், ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறந்தது என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். முட்டையிலிருந்து மூன்று நாளில் வளர்ந்துவிடும். தசையை உருவாக்கும் மரபணுக்கள் பலவும் நம்முடையதற்கு உறவு. விண்வெளி வீரர்கள் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்தும் தசையும் எலும்பும் தேய்வதை முழுதாகத் தடுக்க முடிவதில்லை. செவ்வாய்க்கு ஒரு வழிக்கே ஆறேழு மாதம் ஆகும். போய் இறங்கியதும் தூக்கிவிட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் கேள்வி இதுதான்: எடை இல்லாதபோது தசை செல்லுக்குள் முதலில் எது சரிகிறது?

இந்தப் புழுக்களுக்கு விண்வெளி புதிதல்ல. 2003 பிப்ரவரி 1 அன்று நாசாவின் கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். சில வாரங்கள் கழித்து இடிபாடுகளில் கிடைத்த டப்பாக்களில் சி. எலிகன்ஸ் உயிரோடு இருந்தது. ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம் இதைக் கேட்டபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அனுமதி கிடைத்ததிலிருந்து ஏவும் நாள் வரை மூன்று வருடம். அதில் பாதி, பாதுகாப்புக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதிலேயே போனது. திரவத்தில் என்ன இருக்கிறது? கசிந்தால் என்ன ஆகும்? மிதக்கும் துளி ஒருவர் கண்ணில் பட்டால்? கேள்விகள் நியாயமானவை. அதனால் பைக்கு மேல் ஒரு உறை, அதற்கு மேல் ஒரு பெட்டி. அம்மாவும் ஃபோனில் கேட்டார், "அதுங்களுக்கு அங்கே பசிக்காதா?" அதையும் யோசித்திருந்தோம். உணவான பாக்டீரியா அதே திரவத்தில்தான் இருக்கிறது. மூச்சுக்கான காற்று பையின் பிளாஸ்டிக் வழியாகவே ஊடுருவும்.

ஏவுவதற்கு முன் தரையில் நடத்திய முக்கியச் சோதனையின் நான்காம் நாள் காலை, ஒரு பைக்குக் கீழே விரித்திருந்த தாளில் காசளவு ஈரம். அவ்வளவுதான், எல்லாம் நின்றது. பையின் வாயைச் சூடாக்கி ஒட்டும்போது விளிம்பில் திரவத்தின் மெல்லிய படலம் தங்கியிருந்தால் ஒட்டு முழுதாகப் பிடிக்காது என்று கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது. அதன்பின் வாயைத் துடைத்து, இரண்டு விரல் இடம் காலியாக விட்டு, இரண்டு முறை ஒட்டினோம். பிறகு ஒரு பைகூடக் கசியவில்லை.

ஏவ வேண்டிய நாளில் மேகம். புழுக்கள் போய்ச் சேர வேண்டிய சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாதை ஏவுதளத்துக்கு மேலே வரும் அந்தக் கணத்தில்தான் கிளம்ப முடியும், தவறினால் அடுத்த நாள்தான். அடுத்த நாளும் மேகம். குளிரில் வைத்தால் புழுவின் வளர்ச்சி மந்தமாகும், ஆனால் நிற்காது. இரண்டு நாள் தாண்டினால் மேலே போவது குஞ்சாக இருக்காது. நல்லவேளையாக, இரண்டு நாள் பின்னால் பிறந்த இன்னொரு தொகுதியை வளர்த்து வைத்திருந்தோம். பழைய 32 பைகளும் வெளியே, புதிய 32 உள்ளே. மறுபடியும் குமிழி தேடல். இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சொல்வேன்: உதிரித் தொகுதிக்கான பணத்தை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் நாள் கிளம்பியது.

எனக்கு மனதில் நிற்பது அதற்குப் பின் வந்த நாட்கள்தான். நிலையத்தில் 16 பைகள் அசையாமல் இருந்தன. மற்ற 16 அதே பெட்டியில், பூமியின் ஈர்ப்புக்குச் சமமான விசை கிடைக்கும் வேகத்தில் சுழலும் வட்டில். இரண்டும் ஒரே அதிர்வைத் தாங்கி, ஒரே கதிர்வீச்சில் இருந்தவை. வித்தியாசம் தெரிந்தால் எடையின்மையைத்தான் காரணம் சொல்ல முடியும். தரையில் இன்னும் 16. மேலிருந்து வரும் வெப்பப் பதிவை வைத்து, அங்கே நடந்ததை இரண்டு நாள் தள்ளி இங்கே அப்படியே செய்தோம். வீரர் பெட்டியை மாற்றும்போது நாற்பது நிமிடம் வெளியே இருந்ததா? நாங்களும் மேசைமேல் நாற்பது நிமிடம் வைத்தோம், கடிகாரத்தைப் பார்த்தபடி.

கதிர்வீச்சைப் பற்றி இந்தப் புழுக்கள் அதிகம் சொல்லாது. நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், கதிர்வீச்சிலிருந்து பெருமளவு காக்கும் பூமியின் காந்தப்புலத்துக்குள் சுற்றுகிறது. அந்தக் கேள்விக்காகத்தான் 2022 நவம்பர் 16 அன்று நாசாவின் ஆளில்லா நிலாப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1 உடன் பயோசென்டினல் என்ற சின்ன செயற்கைக்கோளில் ஈஸ்ட் நிலாவையும் தாண்டிப் போனது. அதில் ஒரு வகை ஈஸ்டில் உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் மரபணுவை எடுத்திருந்தார்கள்.

எங்கள் பைகள் உறைந்த நிலையில் கடலில் இறங்கி, உலர் பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் வந்து சேர்ந்தன. திறந்ததும் வெள்ளைப் புகை. அடியில், நான் எழுதிய எண்கள் அழியாமல் இருந்தன.

உடனே அந்த எண்களை மறைத்து, வேறொருவர் புது எண் ஒட்டினார். 48 பைகளில் எது மேலே போனது, எது தரையில் இருந்தது என்று அளப்பவர்களுக்குத் தெரியக்கூடாது. விவரம் ஒட்டிய உறையில், பேராசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நேற்று 31-வது பையை முடித்தோம். இன்னும் 17 இருக்கின்றன. அதுவரை உறையைப் பிரிக்க மாட்டோம்.