நூறு கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கு முதல் ஸ்னோபோர்டு

என் எடை 108 கிலோ. முதல் ஸ்னோபோர்டு வாங்கப் போகிறவர்களிடம் பலரும் சொல்வது, பலகையை நிமிர்த்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வர வேண்டும் என்பதுதான். நம்மைப் போன்றவர்கள் அதை நம்பி வாங்கக் கூடாது. பலகையை வளைப்பது எடைதான், உயரம் இல்லை. என் உயரமே உள்ள 70 கிலோ ஆளுக்குக் கச்சிதமாக இருக்கும் 156 செ.மீ. பலகை, எனக்கு வேகமெடுத்தால் நடுங்கும். புதுப்பனியில் முன்பக்கம் புதையும்.

தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் எடை வரம்பு போட்டிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். உங்கள் எடை வரம்பின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. ஜாக்கெட், ஹெல்மெட், முதுகுப்பை என்று இன்னும் சில கிலோ ஏறும். நூறைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 160 முதல் 166 செ.மீ. வரை வரும். புதிதாகக் கற்பவருக்குக் குட்டைப் பலகைதான் சுலபம் என்பார்கள். வரம்புக்குள் இருக்கும்வரை சரி, அதற்குக் கீழே போகாதீர்கள்.

அகலத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அதனால் பலகைக்கு முன்பே பூட்ஸ் வாங்கிவிடுங்கள். அமெரிக்க அளவில் 11-க்கு மேல் போனால் வைடு பலகையைப் பாருங்கள், நடுப்பகுதியின் அகலம் 26 செ.மீ.யாவது இருக்கட்டும். பைண்டிங்கை (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடி) மாட்டி, பூட்ஸை இறுக்கி, தரைவிரிப்பில் வைத்து மேலிருந்து பாருங்கள். முன்னும் பின்னும் ஒன்றிரண்டு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. பிறகு பலகையைக் கால்விரல் பக்கமாக நன்றாகச் சாயுங்கள். கொஞ்சம் சாய்த்ததுமே பூட்ஸ் நுனி தரையில் இடித்தால், மலையில் அதே நுனி பனியில் உரசி விளிம்பைத் தூக்கிவிடும். திருப்பத்தின் நடுவில் விழுவீர்கள். குதிகால் பக்கமும் இப்படியே பாருங்கள். எடை கூடுதல், பாதம் சின்னது என்றால் வைடு வேண்டாம். நீளமான சாதாரண அகலமே போதும். தேவையில்லாத அகலம் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுவதை மந்தமாக்கும்.

புதியவர்களுக்கு மென்மையான பலகை என்பதும் நமக்கு அப்படியே பொருந்தாது. விறைப்பு 10-க்கு 3 என்று போட்டிருப்பது நம் எடைக்குத் துவண்டுவிடும். 5 அல்லது 6 எடுங்கள். 8-க்குப் போக வேண்டாம், மெதுவாகப் போகும்போது நமக்குமே அது வளையாது. காலுக்கடியில் கேம்பர் (தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலெழும்பி நிற்கும் வளைவு), இரு முனையிலும் லேசான ராக்கர் (அதற்கு நேர்மாறாக, முனைகள் மேலெழும்பும் வளைவு) உள்ளதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். முழு ராக்கர் இறுகிய பனியில் பிடிமானம் தராது. பைண்டிங்கிலும் நடுத்தர விறைப்புக்குக் குறையாதீர்கள்.

பெண்களுக்கு ஒன்று: பெண்களுக்கான மாடல்கள் பலவற்றில் எடை வரம்பு சீக்கிரமே முடிந்துவிடும். எடையும் பூட்ஸும் பொருந்தினால் ஆண்கள் வரிசையிலிருந்தே தயங்காமல் எடுங்கள்.

முடிந்தால் வாங்கும் முன் அதே நீளத்தில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். வாடகைப் பலகைகள் பெரும்பாலும் மென்மையானவை, அதனால் டெமோ பலகை (விற்பனைக்குள்ள மாடலை ஓட்டிப் பார்க்கத் தருவது) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.