ரோகிணி விஷயத்தில் ஆயா சொன்னது

போன வாரம் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்த இடத்தில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. சொத்துக்காக இல்லை, ரோகிணிக்காக.

'சிறகடிக்க ஆசை' பார்க்காதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. ரோகிணிக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகி க்ரிஷ் என்று ஒரு பையனும் இருக்கிறான். அதை மறைத்து, மலேசியாவில் பணக்கார அப்பா இருக்கிறார் என்று புளுகி, விஜயா வீட்டுக்கு மருமகளாக வந்தவள். 2023 ஜனவரியில் ஆரம்பித்த சீரியல், இந்த மறைப்பை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டினார்கள்.

அம்மாவுக்கு அவள் பெயரைக் கேட்டாலே ஆகாது. மாடி வீட்டு அக்கா நேர் எதிர். "பிள்ளை இருக்குன்னு சொல்லியிருந்தா விஜயா வாசப்படி ஏத்தியிருப்பாளா? பொய் சொல்ல வச்சது யாரு?" என்று கீரைக்காம்பை அம்மா பக்கம் நீட்டி நீட்டிக் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் என் பிரச்சனை ரோகிணி நல்லவளா கெட்டவளா என்பதே இல்லை. என் பிரச்சனை விஜயாவின் இன்னொரு பிள்ளை முத்து. கார் ஓட்டுகிறவன், நாலு தெரு சுற்றுகிறவன், வேறு எந்த ட்ராக்காக இருந்தாலும் போலீஸ் மாதிரி துருவி எடுத்துவிடுவான், ரோகிணி விஷயம் வந்தால் மட்டும் அவன் மூளை லீவு போட்டுவிடும். க்ரிஷ் அந்த வீட்டுக்கே வந்து போகிறான், ஒருத்தருக்கும் பொறி தட்டாது. அப்படியே யாருக்காவது தெரிந்துவிட்டாலும் வாயைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாக போன் அடிக்கும், இல்லையென்றால் மயக்கம் வரும்.

'பாக்கியலட்சுமி'யிலும் இதே கதைதான். 2020 ஜூலையில் ஆரம்பித்து, புருஷன் கோபிக்கும் ராதிகாவுக்கும் உள்ள தொடர்பு பாக்கியாவுக்குத் தெரிய ஏறக்குறைய 2 வருஷம். அது வங்காளத்து 'ஸ்ரீமோயீ'யிலிருந்து வந்த கதை, இந்தியில் 'அனுபமா'வாகவும் வந்தது. ஆக பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கதை முன்னாடியே தெரியும், பாக்கியாவுக்குத்தான் தெரியாது.

ஏன் இழுக்கிறார்கள் என்று எனக்கும் புரியாமல் இல்லை. வியாழக்கிழமை ஆனால் எந்த சீரியலை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற டிஆர்பி கணக்கு வரும், அதைப் பார்த்து அடுத்த வாரத்தை மாற்றி எழுதுவார்கள், ஒரு ட்ராக் எடுபட்டால் பிடித்து நீட்டுவார்கள். ரகசியம் அவர்களுக்கு பேங்கில் போட்ட பிக்சட் டெபாசிட் மாதிரி. வட்டியில் குடும்பம் ஓடும், உடைத்துவிட்டால் அதோடு சரி. எங்கள் ஊரில் இதற்கு ஒரு சாட்சியே உண்டு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்துப் போட்டதில் கடலூரில் நின்ற கம்பத்தைவிடச் சாய்ந்த கம்பம்தான் அதிகம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. பலா மரம் போச்சு, ஓடு போச்சு, இதற்கு நடுவில் ஆயாவுக்கு, பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் கல்யாணம் முடிந்திருக்குமே என்று ஒரு தனிக் கவலை. கரண்ட் வந்த அன்றைக்குப் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறான்.

இழுக்கட்டும். 'மெட்டி ஒலி'யும் 2002லிருந்து 2005 வரை ஓடியதுதானே. 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது நான் வேலையை ஓரம்கட்டிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்துக்கு, சரோ மாமியார் வீட்டில் என்ன படுகிறாள் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தும் என்ன செய்வது என்பதில்தான் அந்தக் கதையே நகர்கிறது. அங்கே யாரையும் மடையனாக்கி எபிசோடு தேற்றவில்லை.

இதை நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும், அதுவரை முறத்தில் பழுத்த இலையைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆயா, "அவங்க எல்லாருக்கும் தெரியும்டி, தெரியாத மாதிரி இருக்காங்க" என்றார்.

அப்புறம் அவர் கதையைச் சொன்னார். தாத்தா ஒரு தடவை ஆயாவின் ரெட்டைவடச் சங்கிலியைத் திருப்பாதிரிப்புலியூரில் அடகு வைத்துவிட்டு, பீரோவில் பத்திரமாக இருப்பது போலவே நடந்துகொண்டாராம். ஆயாவுக்கு மறுநாளே தெரியும். சீட்டு தாத்தாவின் சட்டைப்பையில் இருந்தது, துவைக்கப் போட்டபோது பார்த்து, மடித்து அப்படியே திரும்ப வைத்துவிட்டார். யாராவது கேட்டால், "வேர்வைக்குக் கழுத்து அரிக்குது, கழட்டி வச்சிருக்கேன்." நாலு வருஷம் அரித்திருக்கிறது. ஆயாவின் மாமியாருக்கும் விஷயம் தெரியும், அவர் பங்குக்கு, உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் "இவளுக்குத் தங்கமே ஒத்துக்காது" என்று சொல்லிவைப்பாராம். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் சங்கிலி பீரோவுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆயா எடுத்துப் போட்டுக்கொண்டார், தாத்தா இட்லியைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். கடைசி வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம்.

எனக்கு அங்கேதான் உறைத்தது. நம் வீடுகளில் ரகசியம் இப்படித்தான் இருக்கிறது. தெரியாமல் இருப்பவர்கள் யாரும் இல்லை, தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் இத்தனை சாமர்த்தியமும். பயம், மானம், பாசம், சமயம் பார்த்து எடுத்து அடிக்கலாம் என்ற கணக்கு, எல்லாம் அதற்குள் கிடக்கிறது. இதை எழுதினால் 500 எபிசோடு தாராளமாகத் தாங்கும், ஒரு ஆளுக்கும் மயக்கம் வரத் தேவையில்லை. நம் ஆட்களோ கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மாடி வீட்டு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க தாத்தாவ மன்னிச்சீங்க, விஜயா மன்னிக்கவா போறா?" என்று ஆயாவிடமே மல்லுக்கு நின்றார். நான் எங்கே மன்னித்தேன் என்று ஆயா கேட்டதும் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

மறுநாளும் நான் புதுச்சேரி பஸ் பிடித்து வேலை முடிந்து வந்து சேரும்போது சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. விஜயா கத்திக்கொண்டிருக்க, மாமனார் அண்ணாமலை பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆயா திரையைக் கைகாட்டினார்.

"அந்த ஆளு மூஞ்சியப் பாரு. அவருக்கு எல்லாம் தெரியும்."