செம்மீனைக் கடனிலிருந்து தொடங்குங்கள்

குமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளை, நீரோடிப் பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து, மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' நாவலை வாசிக்கப் போகிறவர்கள் முதலிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது: காதலிலிருந்து தொடங்குவதா, கடனிலிருந்தா? கடனிலிருந்து தொடங்குங்கள். காதல் பின்னாலேயே வந்துவிடும்.

காதல் கதை என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்தால் பதினேழு வயதுக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "பரீக்குட்டி ஏன் வாயைத் திறக்கவே மாட்டேங்கிறான்?" 1956-ல் வந்த நாவலின் நாயகன் இன்றைய பிள்ளைகளுக்குச் சப்பையாகத் தெரிவான். அலுப்பு வந்துவிட்டால் ஐந்தாறு அத்தியாயத்தோடு புத்தகம் மூடிவிடும்.

முதல் காட்சியை மெதுவாக, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மீனவன் செம்பன்குஞ்சின் மகள் கறுத்தம்மாவும் மீன் வியாபாரி பரீக்குட்டியும் பேசுவது முழுக்கப் பணமும் மீனும்தான். அப்பன் வள்ளமும் (படகும்) வலையும் வாங்கப் போகிறான் என்கிறாள். பணம் போதவில்லை, தருவீர்களா என்று கேட்கிறாள். என் கையில் ஏது பணம் என்கிறான். அப்புறம் எதற்குக் கொச்சு முதலாளி (சின்ன முதலாளி) என்று பெயர் என்று சீண்டுகிறாள். வள்ளம் வந்தால் மீனை எனக்கு விற்பாயா என்று அவன் கேட்க, நல்ல விலை கொடுத்தால் பார்க்கலாம் என்கிறாள். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. முன்பணம் கொடுத்தவருக்குத்தான் மீன் போக வேண்டும் என்பது வீட்டில் தினமும் கேட்கிற பேச்சு. இந்த விளையாட்டுப் பேச்சு வினையாகிப்போவதுதான் மொத்த நாவலும்.

அதனால் ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் பரீக்குட்டி கொடுத்தது, வலப்பக்கம் அவனுக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் நிரப்ப வேண்டும். இரவோடு இரவாகச் செம்பன்குஞ்சு வீட்டுக்குக் கூடை கூடையாகப் போன கருவாடு இடப்பக்கம். வள்ளம் வந்து முதல் மீன் கரையேறும்போது, செம்பன்குஞ்சு அதே பரீக்குட்டியிடம் ரொக்கம் கேட்கிறானே, அதை எந்தப் பக்கம் எழுதுவது? வாக்குவாதம் இங்கே பிடிக்கும். வலப்பக்கம் காலியாகவே கிடப்பதைப் பார்த்த பிறகு, அவன் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கொடுத்த பணத்துக்குப் பெண்ணைக் கேட்கிறான் என்று ஆகிவிடக் கூடாதே என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கடனை அடைக்காமல் இந்தக் கரையை விட்டுப் போக மாட்டேன் என்று கறுத்தம்மா தவிப்பதும் அப்போதுதான் காதலாகப் புரியும்.

இதற்குத் தோதான காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, நம் மேற்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் ஊரில் இருப்பார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சந்தேகம் கேட்கலாம். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், இரண்டு பேருக்கு ஒரு பிரதியாவது வேண்டும். ஞாயிறு காலை மறைக்கல்வி நேரத்தோடு மோதினால் ஆள் வராது. வாசிக்க, நாகர்கோவில்காரர் சுந்தர ராமசாமியின் தமிழாக்கம் இருக்கிறது. மலையாளப் பிரதியும் ஒன்று மேசையில் கிடக்கட்டும், கேரளப் பக்கம் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் எப்படியும் இரண்டு பேர் இருப்பார்கள்.

படத்தை முதலில் போட்டுவிடாதீர்கள். ராமு காரியாட்டின் 1965-ம் ஆண்டுப் படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் பாடிய மன்னா டேயின் குரல் காதில் ஏறிவிட்டால் கணக்கு நோட்டு யாருக்கு வேண்டும்? செம்பன்குஞ்சு வெறும் கெட்ட அப்பனாகச் சுருங்கிவிடுவான். கூலிக்குத் துடுப்புப் போட்டவன், வள்ளம் வைத்திருக்கும் உரிமையே இல்லாத பிரிவில் பிறந்தவன், மிச்சம்பிடித்து மிச்சம்பிடித்து முதலாளி ஆகிறான். பாதி நாவல் அவனுடையது.

அடுத்த சிக்கல் கடலம்மா. கரையில் மனைவி நெறி தவறினால் கடலில் புருஷன் திரும்ப மாட்டான் என்ற அந்த நம்பிக்கை. "எங்க பாட்டி இப்படிச் சொன்னதே இல்லியே" என்று நம் கத்தோலிக்கக் கரைப் பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. தகழி எழுதியது ஆலப்புழைப் பக்கத்து நீர்க்குன்னம் கரையின் அரயர்கள் என்ற மீனவச் சமூகத்தை. எல்லா மீனவரின் வழக்கம் இது என்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அதைவிட மோசம், கூட வந்த பெரியவர் யாராவது இதைக் கற்புப் பாடமாக்கிவிடுவது. அதன் பிறகு பெண்பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த விதி வரும் இடத்திலெல்லாம் அதைச் சொல்வது யார், சொல்லப்படுவது யாருக்கு என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். மகள் கறுத்தம்மாவுக்குச் சொல்கிற சக்கி, புறம் பேசுகிற அண்டை வீட்டுப் பெண்கள் என்று பட்டியல் நீளும். ஆணுக்கு என்ன விதி என்ற கேள்வியை நீங்கள் எழுப்ப வேண்டியதே இருக்காது.

சாகரையை மட்டும் விளக்கியாக வேண்டும். மழைக்காலத்தில் ஆலப்புழைக் கரையோரம் கலங்கிய சேறு அலையை அடக்கிவிடும். கடல் குளம்போலக் கிடக்கும், மீன் குவியும். அதே மாதங்களில் கரையைத் தின்கிற அலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

கடலில் உயிர் போகிற கடைசி அத்தியாயத்தைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். 2017 ஒக்கிப் புயலில் ஆளை இழந்த வீடுகள் இந்த ஊர்களில் நிறைய. அவரவர் வீட்டில் படித்துவிட்டு வரட்டும், பேச விரும்புகிறவர்கள் பேசட்டும்.

பேசினால் பையன்கள் சுறாவில்தான் வந்து நிற்பார்கள். ஆழ்கடலில் தூண்டில் போடுகிறவர்களின் பிள்ளைகள் அல்லவா! சுறா வள்ளத்தை இழுக்கும்போது கறுத்தம்மாவின் புருஷன் பழனி கயிற்றை அறுத்துவிட்டிருக்கலாமே என்பார்கள். பதில் சொல்லாமல் சில அத்தியாயங்கள் பின்னால் புரட்டச் சொல்லுங்கள். மனைவியைப் பற்றிய பேச்சைக் கேட்டு, கூட்டாளிகள் அவனை வள்ளத்தில் ஏற்ற மறுக்கும் இடம் அங்கே இருக்கிறது. தனியாகத் தூண்டிலோடு அவன் கடலுக்குப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.