பூங்காவுக்கு ஆரி கவுடர் பெயர்

குன்னூரில் பூங்கா என்றாலே சிம்ஸ் பூங்காதான். 1874-இல் உருவான அது ஜே. டி. சிம் என்ற ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மே மாதப் பழக் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தில் அவர் யாரென்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. அந்தப் பெயரை மாற்றச் சொல்லி நான் இதை எழுதவில்லை. எங்கள் குடியிருப்பை ஒட்டி, வெறும் 'சிறுவர் பூங்கா' என்றே அழைக்கப்படும் சிறிய இடத்துக்கு ராவ் பகதூர் எச். பி. ஆரி கவுடரின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் தயாரித்திருக்கும் மனுவில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரி, சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினர் என்று அவரைப் பற்றிச் சொல்லப் பல இருந்தாலும், என் பார்வையில் அவர் செய்த பெரிய காரியம் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம்தான். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்த மண்டிக்காரரிடமே உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு, அவர் சொன்ன விலையை வாங்கிக்கொண்டு மலையேறிய விவசாயிக்கு, மேட்டுப்பாளையத்தில் தன் மூட்டையைப் பொது ஏலத்தில் விற்கும் வழியை 1930-களில் தொடங்கிய அந்தச் சங்கம் திறந்துவிட்டது.

பெயரில் சாதிப் பட்டம் வருகிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். கோவை அவினாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடுவின் பெயரை வைத்தபோதும் 2025-இல் இதே கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதுதான், ஆயினும் 'ஆரி பூங்கா' என்று சுருக்கினால் இந்த மலையிலேயே ஒருவருக்கும் விளங்காது. ஊர் அறிந்த பெயரை அப்படியே வைப்பதே சரியென்று நினைக்கிறேன்.

எனக்குள்ள கவலை வேறு. சென்னை மேற்கு மாம்பலத்தில் அவர் பெயரில் அமைந்த சாலை நாளடைவில் 'ஆரிய கவுடா சாலை' ஆகிவிட்டது. பெயரோடு விவரமும் எழுதப்படாவிட்டால் இங்கேயும் அதுவே நடக்கும். தகரப் பலகை இந்த மழைக்கும் பனிமூட்டத்துக்கும் நெடுநாள் தாங்காது. இப்போதிருக்கும் பலகையில் 'சிறு' மட்டுமே மிஞ்சியிருக்கிறது, மற்றதைத் துரு தின்றுவிட்டது. ஆகவே சங்கத்தைப் பற்றிய நான்கு வரிகளைக் கருங்கல்லில் பொறித்து வாயிலில் பதிக்கக் கேட்டிருக்கிறோம்.

நகராட்சி மன்றத் தீர்மானம், அரசின் ஒப்புதல் என்று இது முடிய நாளாகும். பெயர் இருக்கட்டும், முதலில் ஊஞ்சல் சங்கிலியை மாற்றுங்கள் என்றார் ஒரு பாட்டி. அதையும் அதே மனுவில் சேர்த்துவிட்டோம்.