குறும்பதிவில் வேலூர்ப் புரட்சி: ஒரு வகுப்பறை அனுபவம்

வேலூரில் பதினோராம் வகுப்புக்கு வரலாறு கற்பிக்கும் எனக்கு, மாணவர்களின் விடைகளில் ஒரு குறை நெடுநாளாக உறுத்தி வந்தது. வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக இந்தியச் சிப்பாய்கள் நடத்திய 1806 புரட்சியைப் பற்றிக் கேட்டால், அன்றாடம் கோட்டை அகழியைக் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதிவிடுவார்கள். ஆனால் எது காரணம், எது நிகழ்வு, எது விளைவு என்பது அதில் பிரிந்து தெரியாது. அதற்காகவே ட்விட்டரைப் பாடத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கினேன்.

மாணவர்கள் கைபேசி கொண்டுவருவதில்லை. என் பொறுப்பில் ஒரே கணக்கு, அதுவும் பூட்டப்பட்டது. பிள்ளைகளின் பெயரோ படமோ அதில் இடம்பெறாது. குழுவாக நோட்டில் எழுதித் திருத்திய பிறகே பதிவு திரையில் ஏறும். பூட்டிய கணக்கின் பதிவுகளை வெளியார் பகிர முடியாது என்பதால் விருப்பக்குறிகளை எண்ணும் ஆசையும் எழவில்லை.

புரட்சி வெடித்த ஜூலை 10 நிகழ்வுகளை ஓர் இழையாக, அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடரும் பதிவுகளாக, எழுதியபோதுதான் இந்த முறையின் பயன் எனக்கு முழுமையாக விளங்கியது. தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடை, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்தது என்று ஒவ்வொன்றும் தனிப் பதிவாயிற்று. “தலைப்பாகையே காரணம்” என்று ஒரு குழு முடித்திருந்தது. “அப்படியென்றால் கோட்டையில் மைசூர்க் கொடியை ஏன் ஏற்றினார்கள், சார்?” என்று மற்றொரு குழுவின் மாணவி கேட்டாள். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் மைந்தர்களைப் பற்றி அதன்பின் நடந்த விவாதத்தில் அந்தப் பாடவேளையே போதவில்லை. நீண்ட விடையில் இவ்விரண்டு செய்திகளும் அடுத்தடுத்த வரிகளில் முரண்படாமல் படுத்துக் கிடக்கும். தனித்து நிற்கும் கூற்றைத்தான் எதிர்த்துக் கேட்க முடிகிறது.

அளவுக் கட்டுப்பாடும் உதவியது. ஒரு பதிவுக்குத் தொடக்கத்தில் 140 குறிகளாக இருந்த வரம்பு 2017 நவம்பரில் 280 ஆயிற்று. எனினும் ‘கோட்டை’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லைக் கணினி ஆறு குறிகளாக எண்ணுவதால் தமிழில் அது தாராளமான இடமன்று. ‘மாபெரும்’, ‘வீரம் செறிந்த’ போன்ற அடைமொழிகள் முதலில் விழுந்தன. அதில் எனக்கு வருத்தமில்லை. ‘ஆகையால்’, ‘ஆயினும்’ ஆகியவற்றை வெட்டிய பதிவுகளை மட்டும் திருப்பிக் கொடுத்தேன், ஏனெனில் வரலாற்றுச் சிந்தனை அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

2023இல் அத்தளம் எக்ஸ் எனப் பெயர் மாறிய பின்னும் இந்தப் பயிற்சியைத் தொடர்கிறேன். குறும்பதிவு நெடுவிடைக்கு மாற்றாகாது; இழை முடிந்த மறுநாள் அதே கேள்விக்கு இரண்டு பக்க விடை எழுதச் சொல்கிறேன், பத்திகள் எங்கே பிரிய வேண்டும் என்று இப்போது என்னிடம் யாரும் கேட்பதில்லை.