தானே நிறுவிக்கொள்ளும் ஸ்கிரிப்ட்

எங்கள் அணியில் ஓடும் சின்னச் சின்னப் பைத்தான் ஸ்கிரிப்ட்கள் பலவற்றின் தலையில் ஒரே மாதிரி நாலு வரி இருக்கும். தேவையான மாட்யூலை (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரலை) இம்போர்ட் செய்து பார். கிடைக்கவில்லையா, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப்பைக் கூப்பிட்டு நிறுவிக்கொள். ரிவ்யூவில் இதைக் கேட்டபோது எழுதிய தம்பி சொன்னது நியாயமாகவே பட்டது: "அக்கா, கணக்குப் பிரிவுல யாருக்கும் டெர்மினல் பழக்கமில்ல. தனியா என்வைரன்மென்ட் போடச் சொன்னா எனக்குத்தான் போன் வரும்."

அந்த வசதியைப் பறிக்க எனக்கு மனமில்லை. பைத்தான் சமூகமும் அதை ஏற்றுக்கொண்டுதான் 2024-இல் பெப் 723 என்ற முன்மொழிவை ஏற்றது. தேவையான பேக்கேஜ்களை ஸ்கிரிப்டின் உள்ளேயே கமென்டாக எழுதிவிடலாம். யுவி போன்ற கருவி அதைப் படித்துத் தனிச் சூழல் அமைத்து ஓட்டிவிடும்.

எனக்கு உறுத்துவது வேறு. இதே ஸ்கிரிப்ட் சில மாதங்களில் சர்வருக்குப் போய், குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரானில் ஏறி, டேட்டாபேஸ் பாஸ்வேர்டை என்வைரன்மென்ட் வேரியபிளில் (நிரல் ஓடும்போது படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பில்) வைத்துக்கொண்டு நள்ளிரவில் ஓடும். பதிப்பு எண் குறிக்காததால், புதுச் சூழலில் ஓடும்போதெல்லாம் பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐ-யில் அன்று எது புதிதோ அது உள்ளே வரும். யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

2022 மே மாதம் சிடிஎக்ஸ் என்ற பேக்கேஜுக்கு நடந்தது இதுதான். பல வருடங்களாக யாரும் தொடாத பேக்கேஜ். பராமரித்தவரின் மின்னஞ்சல் டொமைன் காலாவதியாகிவிட, வேறொருவர் அந்த டொமைனை வாங்கி, அவருடைய பைபிஐ கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, புதுப் பதிப்பு ஏற்றினார். அது திருடியது என்வைரன்மென்ட் வேரியபிள்களைத்தான். நிறுவியவர்கள் பேக்கேஜ் பெயரைத் தப்பாக அடித்துப் போலியில் சிக்கியவர்கள்கூட இல்லை, சரியான பெயரைத்தான் அடித்தார்கள்.

எந்தப் பேக்கேஜில் எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் லாக் கோப்புதான் இதற்கு நல்ல வழி என்பது என் முடிவு. யுவியில் ஸ்கிரிப்டுக்கென்றே லாக் போடலாம். பதிப்போடு ஹாஷும் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற குறி) பதிவாகும். சர்வரில் கட்டளையோடு 'லாக்ட்' என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டினால், லாக்கும் ஸ்கிரிப்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். மேசைக் கணினியில் ஓட்டுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, அதே ஒற்றைக் கட்டளைதான். இதோடு, குறிப்பிட்ட தேதிக்குப் பின் வந்த பதிப்புகளை எடுக்காதே என்றும் சொல்லலாம். 2025 செப்டம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்-இல் சாக், டீபக் முதலிய பேக்கேஜ்களில் நஞ்சு கலந்தபோது சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். ஒரு வாரம் பொறுத்து எடுப்பவரை அது தொட்டிருக்காது.

லாக் போட்டதோடு விட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராமல் போகும், அதுவும் ஆபத்துதான். அதனால் மாதாமாதம் புதுப்பித்து, என்ன மாறியது என்று வரி வரியாகப் படிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கணக்குப் பிரிவின் ஸ்கிரிப்ட்கள் தாமே நிறுவிக்கொள்கின்றன, பக்கத்தில் லாக் கோப்போடு. சர்வருக்குப் போகும் ஸ்கிரிப்டில் பிப் அழைப்பைக் கண்டால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.